ரெயின் மோடு யாருக்கு?

ஓசூரில் தயாராகும் டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310ஐப் பார்க்க ஷோரூமுக்குப் போகிறவர், மைலேஜுக்கு அடுத்தபடி கேட்பது, "இதுல நாலு மோடு இருக்காமே, எதுல வெச்சு ஓட்டணும்?" என்பதுதான். ரெயின், அர்பன், ஸ்போர்ட், ட்ராக் என்று நான்கு. "ஸ்போர்ட்லயே வெச்சுக்குங்க சார், மத்ததுல வண்டி இழுக்காது" என்று பதில் வரும். அது பொய்யில்லை. 2020இல் வந்த பிஎஸ் 6 வண்டியில் ஸ்போர்ட், ட்ராக் இரண்டிலும் 34 குதிரைத்திறன். ரெயினிலும் அர்பனிலும் 26க்குப் பக்கத்தில் நின்றுவிடும். காசு கொடுத்து வாங்கிய 34இல் எட்டை எதற்காக விட வேண்டும்?

வாங்கியவர் பக்கம் நின்று பார்த்தால் நியாயமான கேள்விதான். அந்த 34 குதிரைகளும் தரையில் கால் ஊன்றும் இடம் எவ்வளவு பெரியது என்று பார்த்தால் நியாயம் கொஞ்சம் ஆட்டம் காணும். பைக்கின் டயர் சாலையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவு. முன்னும் பின்னும் சேர்த்து இரண்டு உள்ளங்கை. வண்டி வேகமெடுப்பது, நிற்பது, திரும்புவது எல்லாம் இந்த இரண்டு உள்ளங்கை ரப்பர் வழியாகத்தான் நடந்தாக வேண்டும். எஞ்சின் எவ்வளவு கொடுத்தாலும், பிரேக் எவ்வளவு இறுக்கினாலும், இந்த ரப்பர் தாங்குகிற அளவுதான் சாலைக்குப் போகும். மிச்சம் சறுக்கலாக மாறும்.

ரப்பர் எவ்வளவு தாங்கும் என்பதைச் சாலைதான் முடிவு செய்கிறது. காய்ந்த தார்ச்சாலையில் உராய்வுக் கெழு சுமார் 0.8. நனைந்த தாரில் 0.5. ஜல்லி பரவிய மண்பாதையில் 0.4ஐ ஒட்டி. டயரையும் வெப்பத்தையும் பொறுத்து முன்னே பின்னே இருக்கும், ஆனாலும் கணக்குப் போட இது போதும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகிற வண்டி, டயரின் முழுப் பிடிப்பையும் பயன்படுத்தி பிரேக் அடித்தால் காய்ந்த சாலையில் 18 மீட்டரில் நிற்கும். மழையில் 28 மீட்டர். ஜல்லியில் 35. ஓட்டுநர் விழித்துக்கொண்டு பிரேக்கைத் தொடுவதற்குள் ஓடும் தூரம் இதில் சேரவில்லை. ஒரு நொடி தாமதித்தால் அதற்கு மட்டும் 16 மீட்டருக்கு மேல் ஆகும்.

வளைவில் நிலைமை இன்னும் சிக்கல். டயரின் பிடிப்பு ஒரே வருமானம். முடுக்கம், பிரேக், திருப்பம் மூன்றும் அதிலிருந்துதான் செலவு செய்தாக வேண்டும். ஜெர்மானியப் பொறியாளர் வுனிபால்டு காம் பெயரால் இதைக் 'காம் வட்டம்' என்பார்கள். திருப்பத்துக்கு அதிகம் கொடுத்துவிட்டால் பிரேக்குக்கும் முறுக்கலுக்கும் கொஞ்சம்தான் தேறும்.

கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அதில் ஒன்றின் ஆரம் 10 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மழை தூறிக்கொண்டிருக்கிறது, மணிக்கு 25 கி.மீ.யில் திரும்புகிறீர்கள். வேகம் என்று சொல்லவே கூச்சப்பட வேண்டிய வேகம். ஆனால் அந்த ஆரத்தில் அந்த வேகத்துக்குப் பக்கவாட்டில் 0.49 பிடிப்பு தேவை. நனைந்த சாலையில் மொத்தமாக இருப்பதே 0.5. திருப்பத்துக்கே எல்லாம் போய்விட்டது. இனி பிரேக்கைத் தொட்டாலும் ஆக்சிலேட்டரைத் திருகினாலும் கடன்தான். அதே வளைவில் 20 கி.மீ.யில் போனால் திருப்பத்துக்கு 0.32 போதும். காம் வட்டத்தின்படி மீதி 0.39, அதாவது முக்கால் பங்குக்கு மேல், முறுக்கவோ பிடிக்கவோ மிச்சமிருக்கும். வேகத்தில் ஐந்து கிலோமீட்டரைக் குறைத்ததில் கிடைத்தது இது. எந்த மோடும் இவ்வளவைத் தராது.

மோடுகள் பிடிப்பைக் கூட்டுவதில்லை. இருக்கிற பிடிப்பை நாம் தவறிப்போய் மீறிவிடாமல் தடுக்கத்தான் அவை. அதிலும் பவர் மோடு, டிராக்ஷன் கண்ட்ரோல், ஏபிஎஸ் மூன்றும் மூன்று வெவ்வேறு தவறுகளைப் பார்த்துக்கொள்கின்றன. ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யும் என்று நினைப்பதில்தான் குழப்பம் ஆரம்பிக்கிறது.

பவர் மோடு நம் மணிக்கட்டுக்கானது. பழைய வண்டிகளில் ஆக்சிலேட்டரிலிருந்து ஒரு கேபிள் நேராக கார்ப்புரேட்டருக்கோ த்ராட்டில் உடலுக்கோ போகும். கை எவ்வளவு திருகியதோ அவ்வளவு வழி திறக்கும். ரைடு பை வயர் வந்தபின் கைக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஒரு கணினி உட்கார்ந்துகொண்டது. கைப்பிடியில் இருக்கும் சென்சார் திருகலை அளந்து சொல்கிறது. த்ராட்டில் தகட்டை எவ்வளவு திறப்பது என்று கணினி முடிவெடுத்து, ஒரு சின்ன மோட்டாரை வைத்துத் திறக்கிறது. யமஹா 2006இல் ஆர்6 வண்டியில் இதைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு சுசுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர் 1000இல் ஏ, பி, சி என்று மூன்று மோடுகளை ஓட்டுநர் கையிலேயே கொடுத்தது.

ஸ்போர்ட்டில் கால் பங்கு திருகினால் தகடு பாதிக்கு மேல் திறந்துவிடலாம். ரெயினில் அதே திருகலுக்குக் கொஞ்சம்தான் திறக்கும், அதுவும் நிதானமாக. சில வண்டிகளில் உச்சத் திறனையும் வெட்டுவார்கள். மற்றவற்றில் உச்சம் அப்படியே இருக்கும், போய்ச் சேரும் வழி மட்டும் மென்மையாகும். ஒற்றை சிலிண்டர் எஞ்சினுக்கு இந்த மென்மை ரொம்பவே தேவை. மெதுவான வேகத்தில் அது விட்டுவிட்டு உதைக்கும். குண்டும் குழியுமான சாலையில் உடம்பு குலுங்கும்போது கை தானாகவே கொஞ்சம் முறுக்கிவிடும், வண்டி பாயும், பயந்து விடுவோம், வண்டி திக்கும், மறுபடி முறுக்குவோம். சென்னைப் போக்குவரத்து நெரிசலில் ஸ்போர்ட் மோடில் மணிக்கு 15 கி.மீ.யில் ஊர்ந்து பார்த்தவர்களுக்கு இந்தக் குதிரையாட்டம் தெரியும். அங்கே அர்பன் சுகமானது. இதில் கௌரவப் பிரச்சினை எதுவும் இல்லை. ரேஸ் ஓட்டுகிறவர்களும் மழை வந்தால் மென்மையான மோடுக்கு மாறுகிறவர்கள்தான்.

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு மோடுக்காக வாதாட வேண்டும் என்றால் நான் ரெயினுக்காகத்தான் வாதாடுவேன். மழை நின்ற பிறகு போடுவதைவிட, முதல் தூறல் விழும்போது போடுவதில்தான் அதன் பலன் அதிகம். கோடை முழுக்கச் சாலையில் படிந்த எண்ணெயும் ரப்பர்த் தூளும் முதல் பத்து நிமிடத் தூறலில் குழைந்து மேலே வருகின்றன. நன்றாகப் பெய்து கழுவிவிட்ட சாலை, அரைகுறையாக நனைந்த சாலையைவிட நல்லது. வெள்ளைக் கோடுகள், மேம்பாலத்தின் இரும்பு இணைப்புகள், பாதாளச் சாக்கடை மூடிகள் ஆகியவை நனைந்துவிட்டால் 0.5 என்ற கணக்கும் செல்லாது.

மணிக்கட்டு தவறிவிட்டால் அடுத்து டிராக்ஷன் கண்ட்ரோல் வருகிறது. இரண்டு சக்கரங்களிலும் பல்போட்ட வளையம் ஒன்று சுற்றிக்கொண்டிருக்கும். பக்கத்தில் உள்ள சென்சார் அந்தப் பற்களை எண்ணி வேகத்தைச் சொல்லும். இதே சென்சார்கள்தான் ஏபிஎஸ்ஸுக்கும். பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட வேகமாகச் சுற்ற ஆரம்பித்தால் அது வழுக்குகிறது என்று அர்த்தம். கொஞ்சம் வழுக்கலாம், தப்பில்லை. 10 முதல் 20 சதவீதம் வழுக்கும்போதுதான் டயர் அதிகபட்சப் பிடிப்பைத் தருகிறது. அதைத் தாண்டினால் பிடிப்பு சரிந்து பின்சக்கரம் வாரிவிடும். அதற்கு முன்பே கணினி தீப்பொறியைத் தாமதப்படுத்தும், அல்லது ஒரு சுற்றுக்குப் பெட்ரோலை நிறுத்தும், அல்லது த்ராட்டில் தகட்டை மூடும். தீப்பொறியில் கைவைப்பதுதான் வேகமான வழி. நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஒற்றை சிலிண்டர் எஞ்சின் 20 மில்லிநொடிக்கு ஒருமுறை வெடிக்கிறது. கொல்லிமலை வளைவின் 25 கி.மீ. வேகத்தில் அதற்குள் வண்டி ஒரு சாண்கூட நகர்ந்திருக்காது.

ஹோண்டா 1992லேயே எஸ்டி 1100 சுற்றுலா வண்டியில் இதை வைத்துவிட்டது. 34 குதிரைத்திறன் வண்டிக்கு இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. காய்ந்த சாலையில் அதன் விளக்கு மினுக்கிப் பார்ப்பதே அரிது. எண்ணெய் சிந்திய பெட்ரோல் பங்க் வாசலில், மணல் பரவிய திருப்பத்தில், முதல் கியரில் அவசரமாகக் கிளம்பும்போது அது காசுக்கு உழைக்கும்.

அது செய்யாத வேலைகளும் இருக்கின்றன. முன்சக்கரம் வழுக்கினால் டிராக்ஷன் கண்ட்ரோலால் ஒன்றும் செய்ய முடியாது. வளைவுக்குள் அளவுக்கு மேல் வேகமாக நுழைந்துவிட்டால் அது காப்பாற்றாது. படபடவென்று கியரைக் குறைத்து, எஞ்சின் பின்சக்கரத்தைப் பிடித்து இழுத்து வழுக்கினால் அதுவும் இதன் வேலை இல்லை, அதற்கு ஸ்லிப்பர் கிளட்ச் வேண்டும். வீலி அடித்தால் சாதாரண டிராக்ஷன் கண்ட்ரோல் ஏமாந்துபோகும். காற்றில் தொங்கும் முன்சக்கரம் வேகம் இழக்கிறது, பின்சக்கரம் வழுக்குகிறது என்று கணினி தப்பாகப் புரிந்துகொண்டு எஞ்சினை அடக்கிவிடும். வீலி பிரியர்களுக்கு வருத்தம், மற்றவர்களுக்கு லாபம்.

சேற்றில் இது தொல்லை. செம்மண் மேடு ஒன்றில் மழைக்குப் பின் ஏறுவதாக நினைத்துப் பாருங்கள். முன்சக்கரம் மெதுவாக உருள்கிறது, பின்சக்கரம் சுழல்கிறது. சேற்றில் டயர் சுழன்றால்தான் பட்டன்களுக்கு நடுவே அப்பிய மண் தெறித்து ரப்பர் வெளியே வரும், வண்டி தவழ்ந்தாவது மேலே போகும். கணினிக்கு அது புரியாது. வழுக்கல் என்று பார்த்ததும் எஞ்சினின் குரல்வளையைப் பிடிக்கும். மீட்டரில் விளக்கு விட்டுவிட்டு மினுக்க, எஞ்சின் பட்பட்டென்று திக்க, நட்டநடு மேட்டில் வேகம் செத்துவிடும். காலை ஊன்றினால் சேற்றில் கால் வழுக்கும். கேடிஎம் 390 அட்வெஞ்சர் போன்ற வண்டிகளில் டிராக்ஷன் கண்ட்ரோலை அணைக்கும் வசதி இதற்காகத்தான். உதிரி மணலுக்கும் இதே மருந்து. தாருக்குத் திரும்பியதும் மறுபடி போட்டுவிடுங்கள்.

ஏபிஎஸ்ஸுக்கு வருவோம். மூன்றிலும் அதிக உயிர்களைக் காப்பாற்றுவது இதுதான், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். மின்னணு ஏபிஎஸ்ஸை விற்பனைக்கு வந்த மோட்டார்சைக்கிளில் முதலில் வைத்தது பிஎம்டபிள்யூ, 1988இல், கே100இல். அந்தக் கருவி மட்டும் 11 கிலோ. இன்றைய கருவிகள் ஒரு கிலோவுக்கும் குறைவு. இந்தியாவில் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய மாடல்களுக்கு 2018 ஏப்ரல் 1 முதலும், விற்பனையில் இருந்த மற்றவற்றுக்கு 2019 ஏப்ரல் 1 முதலும் ஏபிஎஸ் கட்டாயமானது. சிறிய வண்டிகளுக்கு, ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரண்டு சக்கரத்திலும் பிடிக்கும் சிபிஎஸ் போதும் என்று விட்டார்கள். சட்டம் முன்சக்கரத்துக்கு மட்டும் ஏபிஎஸ் வைப்பதையும் ஏற்றுக்கொண்டது. உங்கள் வண்டியின் முன் மட்கார்டில் 'ஏபிஎஸ்' ஸ்டிக்கர் இருக்கலாம், பின்சக்கரம் அந்தப் பாதுகாப்பு இல்லாமலேயே ஓடிக்கொண்டிருக்கலாம். வாங்கும்போது 'சிங்கிள் சேனலா, டூயல் சேனலா' என்று கேட்க வேண்டும்.

முன்சக்கரத்துக்கு மட்டும் வைத்தாலும் ஏற்றுக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. பிரேக் அடிக்கும்போது எடை முன்னே சாய்கிறது. நிற்கும்போது பாதிப் பாதியாக இருந்த எடை, 0.8 அளவுக்குக் கடுமையாகப் பிடிக்கும்போது, சாதாரணமான ஒரு பைக்கில் முன்சக்கரத்தில் 84 சதவீதம், பின்சக்கரத்தில் 16 சதவீதம் என்று ஆகிவிடும். நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்சக்கரத்துக்கே. 'முன் பிரேக்கைத் தொடாதே, குப்புறத் தள்ளிடும்' என்று ஊரில் பெரியவர்கள் சொல்லிக்கொடுத்தது டிரம் பிரேக் காலத்துப் பயம். ஆனால் அதில் ஓர் உண்மை இருந்தது. பின்சக்கரம் பூட்டிக்கொண்டால் வண்டி வாலாட்டும், பலமுறை சமாளித்துவிடலாம். முன்சக்கரம் பூட்டிக்கொண்டால் ஒரு நொடிக்குள் ஆள் தரையில். சுழலும் சக்கரம்தான் வண்டியை நிமிர்த்தி வைத்திருக்கிறது, திருப்பவும் விடுகிறது. நின்றுபோன சக்கரத்தால் இரண்டும் முடியாது. ஏபிஎஸ் அந்த நொடியைத்தான் இல்லாமல் செய்கிறது. சக்கரம் பூட்டப்போவதைக் கண்டு பிரேக் எண்ணெயின் அழுத்தத்தை விடும், மறுபடி ஏற்றும், நொடிக்குப் பல முறை. விரலில் லீவர் துடிப்பது அதனால்தான். பயந்து விட்டுவிடக் கூடாது, துடிக்கத் துடிக்க அழுத்திப் பிடிக்க வேண்டும்.

அப்படியானால் யாராவது ஏன் அதை அணைக்க வேண்டும்? ஜல்லிப் பாதைக்காக. தாரில் பூட்டிய சக்கரம் வழுக்கிக்கொண்டு போகும். உதிரி ஜல்லியிலோ மணலிலோ பூட்டிய சக்கரம் தன் முன்னே மண்ணைக் குவித்துக்கொண்டு, அந்தக் குவியலிலேயே முட்டி நிற்கும். ஏபிஎஸ் ஒவ்வொரு முறை பிடியை விடும்போதும் சக்கரம் அந்தக் குவியலின் மேல் ஏறிப் போய்விடும். செங்குத்தான மண் இறக்கத்தில் இது பீதியைக் கிளப்பும். பெடலை மிதிக்கிறோம், அது உதறுகிறது, வண்டி நிற்காமல் இறங்கிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் சாகச வண்டிகளில் பின்சக்கர ஏபிஎஸ்ஸை மட்டும் அணைக்கும் 'ஆஃப் ரோடு' அமைப்பு இருக்கிறது. முன்சக்கரத்தில் ஏபிஎஸ் இருந்துகொண்டே இருக்கும், சிலவற்றில் கொஞ்சம் தாராளமாக. பூட்டினாலும் சமாளிக்கக்கூடிய சக்கரத்தை நம்மிடம் விட்டுவிட்டு, பூட்டினால் விழவைக்கும் சக்கரத்தைக் கணினி வைத்துக்கொள்கிறது. நல்ல பங்கீடு.

சென்னையை ஒட்டிய ஆலைகளில் உருவாகும் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 இதற்கு நல்ல உதாரணம். 2023இல் வந்தபோது அதில் எக்கோ, பெர்ஃபார்மன்ஸ் என்று இரண்டு மோடுகள்தான். இரண்டிலுமே பின் ஏபிஎஸ்ஸை வைத்துக்கொள்ளலாம், அணைக்கலாம். டிராக்ஷன் கண்ட்ரோல் இல்லை. 40 குதிரைத்திறனுக்கு அது இல்லாமல் ஓட்டிவிடலாம் என்பதே என் கருத்து. பின் ஏபிஎஸ்ஸை அணைக்க முடியாத வண்டியில் இமயமலையின் ஸ்பிட்டிப் பக்கம் மண் இறக்கத்தில் இறங்குவது அதைவிடக் கஷ்டம்.

ஒரு சிக்கலைச் சொல்லியே ஆக வேண்டும். பல வண்டிகளில் சாவியை அணைத்துப் போட்டால் ஏபிஎஸ்ஸும் டிராக்ஷன் கண்ட்ரோலும் பழைய நிலைக்கு, அதாவது முழுப் பாதுகாப்புக்கு, திரும்பிவிடும். மறந்துபோய் அணைத்த நிலையிலேயே நெடுஞ்சாலைக்கு வந்துவிடக் கூடாது என்ற எண்ணம் சரியானதுதான். ஆனால் இறக்கத்தின் பாதியில் போட்டோ எடுக்க நிறுத்திச் சாவியைத் திருகியவர், கிளம்பும்போது மீட்டரைப் பார்க்காமல் இறங்கினால், மிதித்த பெடல் உதறும்போதுதான் விஷயம் தெரியும். சில வண்டிகளில் கில் ஸ்விட்ச்சை மட்டும் அணைத்தால் அமைப்பு மாறாது, சிலவற்றில் அதற்கும் மாறிவிடும். வண்டிக்கு வண்டி வேறு. வீட்டு வாசலில் வைத்து ஒருமுறை சோதித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

வளைவு ஏபிஎஸ் பற்றி இரண்டு வார்த்தை. சாதாரண ஏபிஎஸ்ஸுக்கு வண்டி சாய்ந்திருப்பது தெரியாது, நேராக நிற்கும் வண்டிக்கு ஏற்ற அளவிலேயே அழுத்தம் கொடுக்கும். 35 டிகிரி சாய்வில், காய்ந்த சாலையில்கூட, பிரேக்குக்கு மிச்சமிருப்பது பாதிப் பிடிப்புதான். 2014 மாடல் கேடிஎம் 1190 அட்வெஞ்சரில் பாஷ் நிறுவனம் கொடுத்த அமைப்பு, சாய்வை நொடிக்கு நூறு முறைக்கு மேல் அளந்து, அதற்கேற்றபடி பிரேக்கை மெல்ல ஏற்றியது. பின்னர் 390 அட்வெஞ்சர் வரை இந்த வசதி இறங்கி வந்துவிட்டது. காசு இருந்தால், பவர் மோடுகளின் எண்ணிக்கையைப் பார்க்காமல் இது இருக்கிறதா என்று பாருங்கள்.

தாரில் ஏபிஎஸ் எந்த நாளும் முழுமையாக இருக்கட்டும், டிராக்ஷன் கண்ட்ரோலும் அப்படியே. மோடு மட்டும் சாலைக்கும் மழைக்கும் ஏற்ப மாறட்டும். பின் ஏபிஎஸ்ஸை அணைப்பது உதிரி மண்ணுக்கும் ஜல்லிக்கும் மட்டும். டிராக்ஷன் கண்ட்ரோலை அணைப்பது சேற்றிலும் மணலிலும் மாட்டிக்கொண்டபோது மட்டும். ஆள் நடமாட்டம் இல்லாத, காய்ந்த, நேரான சாலை ஒன்றைத் தேடி, மணிக்கு 30 கி.மீ.யில் போய் பிரேக்கை அழுத்திப் பிடித்து ஏபிஎஸ் துடிப்பை ஒருமுறை அனுபவித்துப் பாருங்கள். ஆபத்து வரும் நாளில்தான் அதை முதன்முறையாக உணர வேண்டும் என்றில்லை. அதற்கு முன் ஒன்று: சாவியைப் போட்டதும் மீட்டரில் எரியும் ஏபிஎஸ் விளக்கு, வண்டி உருள ஆரம்பித்துக் கொஞ்ச தூரத்திலேயே அணைந்துவிட வேண்டும். அணையவில்லை என்றால் ஏபிஎஸ் வேலை செய்யவில்லை. சக்கர சென்சாரில் சேறு அப்பியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் நேராக மெக்கானிக்கிடம் விடுங்கள்.